உதடு ஒட்டும் எழுத்துகள்

ஈஜிபுரா, பெங்களூரு
9 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெய் பீம். எழுதும்போது இதைச் சொல்ல எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை, பார்த்தாயா. நீயும் மாமாவும் ரூபினியும் சுகமாக இருக்கிறீர்களா? அந்தமானில் மழை பிடித்துக்கொண்டது என்று செய்தியில் சொன்னார்கள். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

வேலை கிடைத்துவிட்டது. பொம்மனஹள்ளி பக்கம் பதினோரு மாடி ஆபீஸ் கட்டடம். கரண்ட், மோட்டார், ஏசி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் வேலை. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்களாம். கை வேலையில் பயமில்லை. ஆனால் இடுப்பில் ஒரு வாக்கி டாக்கியை மாட்டிவிட்டார்கள். எங்கே என்ன கெட்டது என்று அதில் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். கட்டடம் முழுக்கக் கேட்கும்.

தமிழில் திக்கினால் எப்படியோ சமாளிப்பேன். ‘பணம்’ வராவிட்டால் ‘காசு’. ‘அப்பா’ வராமல்தான் நைனா என்று கூப்பிட்டேன். சாகும்வரை அவர் அதைச் செல்லம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில் எனக்கு அவ்வளவு கையிருப்பு இல்லை. P, B, M, இந்த உதடு ஒட்டும் மூன்று எழுத்தும்தான் எனக்கு எமன். ரூபினியின் பள்ளி டிக்‌ஷனரியைப் புரட்டு. எங்கள் வேலையில் வரக்கூடிய வார்த்தைகளில் இந்த எழுத்துகள் உள்ளதை எல்லாம் எடுத்து, பக்கத்திலேயே தப்பிக்கிற வார்த்தை ஒன்றையும் எழுதி அனுப்பு. சின்ன வயதில் செய்து கொடுத்த மாதிரி.

போன் வேண்டாம். நான் பாதி சொல்வதற்குள் மீதியை நீ சொல்லிவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் நீல டிக் வந்தால் சண்டைக்கு வருகிறாய். தபாலே நமக்கு நல்லது.

உன் தம்பி,
அசோகன்

போர்ட் பிளேர்
26 ஜூன் 2024

அசோகா,

ஜெய் பீம். நாங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். கூரைதான் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. உன் மாமாவுக்குத் துறைமுகத்தில் இரட்டை ஷிப்ட். ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

வேலை கிடைத்ததைப் படித்துவிட்டு அழுதேன். உடனே மூக்கைத் துடைத்துக்கொண்டு டிக்‌ஷனரியை எடுத்தேன். எழுத்தைத் தட்டினால் அது இருக்கிற வார்த்தைகளை எல்லாம் கொட்டுகிற வெப்சைட் ஒன்றும் போனில் கிடைத்தது. P-க்கு மட்டும் ஆயிரக்கணக்கில் வந்தது. வெள்ளைக்காரன் உன்னைத் துன்புறுத்துவதற்கென்றே மொழி செய்திருக்கிறான்.

இதைப் பாடம் செய்: ப்ளீஸ் வேண்டாம், கைண்ட்லி. பிராப்ளம் வேண்டாம், இஷ்யூ. பவர் வேண்டாம், கரண்ட். பேஸ்மென்ட் வேண்டாம், லோயர் ஃப்ளோர். பிரோக்கன் வேண்டாம், கிராக். மேனேஜர் வேண்டாம், இன்சார்ஜ். இன்னும் எண்பத்து மூன்று வார்த்தைகள் உள்ளே வைத்த தாளில்.

மனிதர்களின் பேருக்கு மட்டும் மாற்று கிடையாது. அங்கே யாருக்காவது உதடு ஒட்டுகிற பேர் இருந்தால் ‘சார்’ போட்டு ஒப்பேற்று.

நம் பௌத்த விகாரையில் ஜெயந்தி அன்று உன்னை முன்னால் நிறுத்தி ‘ஜெய் பீம்’ சொல்லச் சொன்னார்களே, நினைவிருக்கிறதா? நீ ‘ஜெய்’யோடு நின்றாய். பின்னாலிருந்து நான் ‘பீம்’ என்று கத்தினேன். எல்லோரும் உன் குரல் என்றே நினைத்தார்கள். அந்த மாதிரிதான் இந்தப் பட்டியலும். பின்னால் நான் இருக்கிறேன்.

உன் அக்கா,
சங்கமித்ரா

ஈஜிபுரா
21 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெய் பீம். உன் கடிதம் பதினோரு நாளில் வந்துவிட்டது. எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். கூரையை மாமா சரி செய்தாரா?

பட்டியல் வேலை செய்கிறது! ‘லோயர் ஃப்ளோர் வாட்டர் லைன் கிராக், ஓவர்’ என்று ஒரே மூச்சில் சொன்னேன். கூட வேலை செய்கிற உமேஷ், “ஏய் குரு, இன்னா கலக்கற!” என்று முதுகில் தட்டினான். கொள்ளேகால் பக்கத்துப் பையன். தமிழும் கன்னடமும் ஒன்றாகக் கொட்டுவான். ஈஜிபுராவில் நான் தங்கியிருப்பது அவன் அறையில்தான். நடுவில் ஒரு M இருந்தும் அவன் பேர் என் வாயில் வழுக்கிக்கொண்டு வருகிறது. நண்பனைக்கூட எழுத்துப் பார்த்துத்தான் பிடிப்பாயா என்று நீ சிரிப்பாய்.

சுத்தம் செய்கிற சின்னப்பா அண்ணனும் நல்ல மனிதர். மதியம் அவர் வீட்டுச் சாப்பாட்டில் ஒரு பங்கு எனக்கு. மேனேஜர் பேர்தான் பிரமோத். பேரைக் கேட்டதுமே பகீர் என்றது. நீ எழுதிய மாதிரியே ‘இன்சார்ஜ் சார்’ என்கிறேன். மரியாதை தெரிந்த பையன் என்று சொன்னாராம்.

உன் தம்பி,
அசோகன்

போர்ட் பிளேர்
8 ஆகஸ்ட் 2024

அசோகா,

ஜெய் பீம். இங்கே எல்லோரும் சுகம். ரூபினிக்குப் பல் விழுந்து, இப்போது அவளுக்கும் உன்னுடைய எழுத்துகளே தகராறு.

பட்டியலில் விட்டுப்போன நாற்பது வார்த்தைகள் இத்துடன். உமேஷுக்கும் சின்னப்பா அண்ணனுக்கும் என் வணக்கம் சொல். மூன்று மாதம் முடிய இன்னும் ஒரு மாதம்தான். உன்னை நிரந்தரம் செய்ததும் அந்தப் பிரமோத் பேருக்கு ஒரு தேங்காய் உடைக்கலாம் என்று பார்த்தேன். நமக்குத்தான் அந்தப் பழக்கம் இல்லையே. ஒரு விளக்கு ஏற்றுகிறேன்.

அக்கா

போர்ட் பிளேர்
3 அக்டோபர் 2024

அசோகா,

ஜெய் பீம். நலமாகத்தானே இருக்கிறாய்? இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. போன் செய்தால் கட் செய்கிறாய். ‘பிஸி’ என்று ஒரு மெசேஜ். அந்த வார்த்தையும் B-யில்தான் தொடங்குகிறது, எழுதும்போது மட்டும் உனக்கு வருகிறதாக்கும்.

வேலை போய்விட்டதா? போனால் போகட்டும், யாருக்கும் சொல்லமாட்டேன். உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு வரி எழுது.

அக்கா

ஈஜிபுரா
20 அக்டோபர் 2024

அக்கா,

ஜெய் பீம். உயிரோடு இருக்கிறேன். வேலையும் இருக்கிறது, நிரந்தரம் செய்துவிட்டார்கள். நீங்கள் எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன்.

சின்னப்பா அண்ணன் இறந்துவிட்டார். செப்டம்பர் முதல் ஞாயிறு. கரண்டை நிறுத்திவிட்டு பேனல் ரூமுக்குள் தூசி துடைத்துக்கொண்டிருந்தார். யாரோ ஆன் செய்துவிட்டார்கள். ஆபீசில் விசாரணை நடந்தது. போலீஸ் கேஸும் இருக்கிறது. உமேஷை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஜாமீனில் வந்து அறையில்தான் இருக்கிறான்.

அதைப் பற்றி இப்போது எழுத முடியவில்லை. எனக்கு ஒரு உதவி செய். இந்த முறை தப்பிக்கிற வார்த்தை வேண்டாம். P உள்ள வார்த்தைகளே வேண்டும். முதலில் P கடைசியில் வருபவை. பிறகு நடுவில். பிறகு தொடக்கத்தில். தொடக்கத்தில் வருபவை நிறைய வேண்டும். தினமும் சொல்லிப் பழகப்போகிறேன்.

அசோகன்

போர்ட் பிளேர்
5 நவம்பர் 2024

அசோகா,

ஜெய் பீம். உடம்பைப் பார்த்துக்கொள் என்பதைத் தவிர வேறென்ன கேட்பது என்று தெரியவில்லை. சின்னப்பா அண்ணனுக்காக மாமா நேற்று வேலைக்குப் போகவில்லை. பார்க்காத மனிதர், ஆனால் உனக்குச் சோறு போட்டவர்.

நீ கேட்டபடி எழுதியிருக்கிறேன். கடைசியில் வருபவை: ஸ்டாப், ஹெல்ப், ஸ்டெப், டிராப். நடுவில்: ஓப்பன், ரிப்பேர், ஹேப்பன், காப்பர். தொடக்கத்தில்: பேனல், பவர், பர்மிட், பர்சன், ப்ரூஃப், பிராமிஸ். மொத்தம் முந்நூறு வார்த்தைகள், ஆறு தாள்.

எழுதும்போது கை நின்று நின்று போனது. முப்பது வருடமாக உன்னை இந்த எழுத்திலிருந்து ஓடவைத்தவள் நான். இப்போது நீயே அதன் வாசலில் போய் நிற்கிறேன் என்கிறாய். எதற்கென்று சொல். உமேஷை ஏன் நீக்கினார்கள்? அன்று நீ எங்கே இருந்தாய்?

அக்கா

ஈஜிபுரா
1 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெய் பீம். அங்கே புயல் என்றார்களே, எல்லோரும் பத்திரமா? இந்தக் கடிதத்தை மாமாவிடம் காட்டாதே.

அன்று உமேஷுக்குத்தான் பேனல் டியூட்டி. ஆனால் அவன் ஆறாவது மாடியில் ஒயர் மாற்றிக்கொண்டிருந்தான். நான் விளக்கு எடுத்துக்கொண்டு படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். கீழே பிரமோத் சார் வந்தார். ஏதோ ஒரு கம்பெனிக்காரன் ஏசி இல்லை என்று போனில் திட்டிக்கொண்டிருந்தான். உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்க்காமல் அவரே வெளியே இருந்த மெயின் லீவரை மேலே தள்ளினார். படியோரக் கம்பி வலைக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தேன். கத்த நேரமில்லை. திக்காதவனுக்கும் நேரம் இருந்திருக்காது. அதை நினைத்துத்தான் தூங்குகிறேன்.

தலைமை ஆபீசிலிருந்து மூன்று அதிகாரிகள் வந்தார்கள். எல்லாம் ஆங்கிலம். பிரமோத் சாரும் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். “யார் ஆன் செய்தது?” என்று என்னைக் கேட்டார்கள். நான் வாயைத் திறந்தேன். உதடு ஒட்டிக்கொண்டது. கண் செருகி, கழுத்து நரம்பு புடைத்து, உனக்குத்தான் தெரியுமே. கேட்ட அதிகாரிக்கு என்னைப் பார்க்கச் சகிக்கவில்லை. உதவி செய்கிறதாக நினைத்து, “உமேஷா?” என்றார்.

நான் “எஸ்” என்றேன்.

ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார்கள், கையெழுத்துப் போட்டேன். அதை வைத்துத்தான் போலீஸ் உமேஷ் மேல் கேஸ் எழுதியிருக்கிறது. யார் சொன்னது என்று அவனுக்குத் தெரியாது. “நீதான் குரு பாத்த, கோர்ட்ல நீ வந்து உள்ளத சொல்லு, போதும்” என்கிறான். நான் கொண்டுபோகும் பார்சலைத்தான் சாப்பிடுகிறான்.

மார்ச் பத்தாம் தேதி கோர்ட். அன்று எல்லோர் முன்னாலும் அந்தப் பேரைச் சொல்லிவிடுவேன். கன்னடத்தில் சொன்னாலும் பேனல், பவர், பர்மிட், பிரமோத் எல்லாம் அப்படியேதான் வரும். ஸ்டாப், ஹெல்ப் இரண்டும் இப்போது தடையில்லாமல் வருகிறது. நடுவில் வருகிற P-யில் இருக்கிறேன்.

உன் தம்பி,
அசோகன்

போர்ட் பிளேர்
16 டிசம்பர் 2024

அசோகா,

ஜெய் பீம். புயல் எங்களை விட்டுவிட்டது.

உன் கடிதத்தை நான்கு நாள் இடுப்பிலேயே செருகிக்கொண்டு திரிந்தேன். முதலில் என்மேல்தான் கோபம் வந்தது. நீ வாய் திறக்கும்போதெல்லாம் நான்தானே மீதியைச் சொன்னேன். யார் எந்த வார்த்தையைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும்படி உன்னைப் பழக்கியவள் நான். அழுதேன், சமைக்கவில்லை.

பிறகு என் பழைய பட்டியலின் நகல் டிக்‌ஷனரிக்குள் இருந்தது, அதை எடுத்துப் பார்த்தேன். ஆறாவது வார்த்தை: மேனேஜர் வேண்டாம், இன்சார்ஜ். மாதக்கணக்கில் தினமும் சொல்லி, உன் வாயில் எண்ணெய் போட்ட மாதிரி வருகிற வார்த்தை. அன்று அந்தப் பேர் வரவில்லை, சரி. ‘இன்சார்ஜ்’ என்று ஏன் சொல்லவில்லை?

எனக்குப் பதில் எழுத வேண்டாம். ஆனால் உமேஷிடம் இன்றே சொல்லிவிடு. மார்ச் வரைக்கும் வைத்திருக்காதே. அவனிடம் சொல்ல ஆங்கிலம் வேண்டாம், ஒரு P-யும் வேண்டாம்.

அக்கா

ஈஜிபுரா
9 பிப்ரவரி 2025

அக்கா,

ஜெய் பீம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீங்கள் நலமாக இருங்கள்.

நீ கேட்டதற்கு ஒன்றரை மாதம் பதில் தேடினேன். ‘இன்சார்ஜ்’ என் நாக்கில் வந்துவிட்டது அக்கா. அதிகாரி ‘உமேஷா’ என்று கேட்பதற்கு முன்பே வந்துவிட்டது. நான் தலையைத் தூக்கினேன். பிரமோத் சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் மிரட்டவில்லை. சும்மா பேனாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அதற்கு அடுத்த வாரம் என் மூன்று மாதம் முடிய இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு கழுத்தைப் புடைத்தது எல்லாம் வெறும் நடிப்பு. வாழ்க்கையில் முதல்முறையாகத் திக்குவதாக நடித்தேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடமும் சொல்லியிருக்கமாட்டேன், நீ அந்தத் தாளை எடுத்துப் பார்க்காமல் இருந்திருந்தால்.

உமேஷிடம் இன்னும் சொல்லவில்லை. தினமும் சொல்லலாம் என்றுதான் அறைக்குப் போகிறேன். அவன் சாதம் வைத்திருக்கிறான். ஆனால் தொடக்கத்து P-யில் இருநூறு தாண்டிவிட்டேன். பேனல் வருகிறது, பர்மிட் வருகிறது. பேர் மட்டும் பத்துக்கு நான்கு தடவை வருகிறது. மார்ச் பத்துக்குள் வந்துவிடும்.

அசோகன்

போர்ட் பிளேர்
22 பிப்ரவரி 2025

அசோகா,

ஜெய் பீம். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கமாட்டேன்.

இனிமேல் என்னிடமிருந்து பட்டியல் வராது. நீ பழகிக்கொண்டிருப்பது பேச்சு இல்லை. அதுவும் ஒரு தப்பிக்கிற வார்த்தைதான், முந்நூறு வார்த்தை நீளத்துக்கு. எனக்கு அது தெரியும், தப்பிக்க வழி செய்து கொடுத்தே வளர்ந்தவள் நான்.

இது கிடைத்ததும் எழுந்து போய் உமேஷிடம் சொல். உன்மேல் கோபம்தான். ஆனாலும் உன் அக்காதான்.

சங்கமித்ரா

ஈஜிபுரா
16 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெய் பீம். உன் கடிதம் மார்ச் ஆறாம் தேதி வந்தது. ஒருநாள் முந்தி வந்திருந்தால் என்று எழுதத் தோன்றியது. அதுவும் பொய். ஒருநாள் முந்தி வந்திருந்தாலும் நான் மறுநாள் சொல்லலாம் என்றுதான் இருந்திருப்பேன்.

ஐந்தாம் தேதி கோர்ட்டில் உமேஷுக்குக் கேஸ் கட்டு கொடுத்திருக்கிறார்கள். விசாரணை அறிக்கையும் அதில் இருந்தது, என் கையெழுத்தோடு. நான் வேலை முடிந்து வந்தபோது அறையில் அவன் பை இல்லை. சாதம் செய்து மூடி வைத்திருந்தான். இரண்டு பேருக்கும் சேர்த்து ஆக்கியது. போன் எடுக்கவில்லை.

பத்தாம் தேதி கோர்ட்டுக்குப் போனேன். காலையிலிருந்து அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டே போனேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார். அன்று பத்துக்குப் பத்தும் வந்தது அக்கா.

உமேஷைக் கூப்பிட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார்கள். “ஹௌது” என்றான், கன்னடத்தில் ஆமாம் என்று. கூட வேலை செய்தவனே கையெழுத்துப் போட்ட பிறகு வேறு சொல்லி யார் நம்புவார்கள், ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும் என்று அவனுடைய வக்கீல் சொல்லியிருக்கிறார். நான் பின்னால் எழுந்து நின்றேன். சாட்சி எதுவும் தேவையில்லை, உட்காருங்கள் என்று ஒருவர் வந்து தோளை அழுத்தினார். ஐந்து நிமிடத்தில் முடிந்தது. ஆறு மாதம். போகும்போது உமேஷ் என்னைப் பார்த்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வெளியே வராண்டாவில் சின்னப்பா அண்ணன் மனைவி சந்திரம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். உமேஷைப் பார்க்கத்தான் வந்திருந்தார். “எங்க வூட்டுக்காரரக் கொன்னவன் மூஞ்சிய ஒருதபா பாக்கணும்னு வந்தேன். பாத்தா சின்னப் பையனா கீறான்” என்றார். நான் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். அவன் இல்லை என்றேன். யார் என்று கேட்டார்.

காலையில் பத்துக்குப் பத்து வந்த பேர் அங்கே வரவில்லை. உதடு ஒட்டிக்கொண்டது. இந்த முறை நடிப்பில்லை. எச்சில் வழிந்தது. போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு போலீஸ்காரர், “ஏனம்மா, இவனுக்கு வலிப்பா?” என்று கேட்டார். சந்திரம்மா அவரைக் கையால் தள்ளி நிறுத்திவிட்டு, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை. நீ உட்பட, எனக்காக அப்படிக் காத்திருந்தவர்கள் யாரும் இல்லை.

சொல்லிவிட்டேன். பிரமோத். மூன்று துண்டாக வந்தது, ஆனால் வந்தது. பார்த்ததை எல்லாம் சொன்னேன். உமேஷ் பேரை நான் சொன்னதையும் சொன்னேன்.

அவர் அழுவார் என்று நினைத்தேன், அடிப்பார் என்று நினைத்தேன். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். “நாலு நிமிசங்கூட ஆவல. இதுக்கா கண்ணு அந்தப் பையன் உள்ள போயிக்கறான்?” என்றார்.

நாளை அவரும் நானும் உமேஷின் வக்கீலைப் பார்க்கப் போகிறோம். இனிமேல் சொல்லி ஆகப்போவது என்ன என்று தெரியவில்லை; வேலையை இன்றோடு விட்டுவிட்டேன். மாமாவிடம் நீயே சொல்லிவிடு. ரூபினிக்கு என் முத்தம். பட்டியல் தாள்கள் எல்லாம் அறையில்தான் இருக்கின்றன, உமேஷ் மூடி வைத்த பாத்திரத்துக்குப் பக்கத்தில். அந்தப் பாத்திரத்தை இன்னும் கழுவவில்லை.

உன் தம்பி,
அசோகன்